நாலு பிறவி எடுத்த நிரல்

மாக்சிமாவின் மூல நிரலை இறக்கி அதன் உள் அடைவைத் திறந்தால், லிஸ்ப் மொழியில் எழுதிய கோப்புகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றின் பெயர் ‘டிஸ்ப்ளா’. விடையைத் திரையில் அடுக்கிக் காட்டுவது, பின்னத்துக்குக் கோடு போடுவது, அடுக்கெண்ணை மேலே தூக்கி வைப்பது எல்லாம் அதன் வேலை. டிஸ்ப்ளே என்று இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதன் ஏழாவது எழுத்தைக் காணோம். கொஞ்சம் தள்ளி ‘கம்பார்’ என்று இன்னொன்று. அதற்கும் ஏழாவது எழுத்து இல்லை. இரண்டும் எழுத்துப்பிழைகள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கோப்புகளுக்குப் பெயர் வைத்தபோது எம்.ஐ.டி.யில் ஓடிக்கொண்டிருந்தது பி.டி.பி.-10 என்ற கணினி. அதில் ஒரு சொல்லுக்கு 36 பிட். எழுத்துக்கு 6 பிட் என்று பங்கிட்டால் ஒரு சொல்லில் 6 எழுத்துதான் அடங்கும். அங்கிருந்த ஐ.டி.எஸ். இயங்குதளம் கோப்பின் பெயரை அந்த ஆறுக்குள் முடித்துக்கொள்ளச் சொன்னது. அந்தக் கணினியின் உற்பத்தி 1980களிலேயே நின்றுபோனது. கத்தரித்த பெயர்கள் மட்டும் இன்றைக்கும் மடிக்கணினிகளில் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கின்றன.

மாக்சிமா ஒரு கணினி இயற்கணித மென்பொருள். கால்குலேட்டருக்கு எண் கொடுத்தால் எண் வரும். இதற்குக் கோவையைக் கொடுத்தால் கோவையாகவே விடை வரும். பல்லுறுப்புக்கோவையைக் காரணிப்படுத்தும், வகைக்கெழு காணும், தொகையிடும், சமன்பாட்டைத் தீர்க்கும். பிளஸ் டூ கணக்கு வாத்தியார் கரும்பலகையில் செய்வதில் பெரும்பகுதியைச் செய்யும். உள்ளே அது கோவையை எப்படி வைத்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். எக்ஸுடன் ஒன்றைக் கூட்டு என்று கொடுத்துவிட்டு அதன் லிஸ்ப் வடிவத்தைக் கேட்டால், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக ஒரு பட்டியல் வரும். முதலில் ‘எம்பிளஸ்’ என்ற கூட்டல் குறியீடு, அதோடு ஒட்டிக்கொண்டு ‘சிம்ப்’, பிறகு 1, பிறகு டாலர் குறி போட்ட எக்ஸ். ‘சிம்ப்’ இருந்தால் ‘இதை ஏற்கெனவே சுருக்கியாயிற்று, மறுபடி கை வைக்காதே’ என்று பொருள். டாலர் குறி இருந்தால் அது பயனர் தந்த பெயர். எவ்வளவு பெரிய கணக்கும் உள்ளே இப்படிப்பட்ட பட்டியல்தான். பட்டியலைப் பிரித்து மேய்வதற்கென்றே பிறந்த லிஸ்பில் இதை எழுதியதில் வியப்பில்லை.

இதன் முன்கதை 1961இல் தொடங்குகிறது. எம்.ஐ.டி.யில் செயற்கை நுண்ணறிவு முன்னோடி மார்வின் மின்ஸ்கியின் வட்டத்தில் இருந்த ஜேம்ஸ் ஸ்லேகில், பார்வையற்றவர், தன் முனைவர் பட்டத்துக்காக ‘செயின்ட்’ என்ற நிரலை எழுதினார். முதலாண்டுக் கல்லூரி மாணவன் அளவுக்குத் தொகையிட வேண்டும் என்பது இலக்கு. 86 கணக்குகள் கொடுத்தார்கள், 84ஐப் போட்டுவிட்டது. ஆனால் அது தேடித் தேடிப் போட்டது. இந்தப் பிரதியீடு சரிவருமா, அந்த வழி தேறுமா என்று மாணவன் தடவுவதைப் போலவே தடவியது. மின்ஸ்கியின் இன்னொரு மாணவர் ஜோயல் மோசஸ் 1967இல் அதை மாற்றினார். கணக்கின் முகத்தைப் பார்த்தே அது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் தேட வேண்டியதே பெரும்பாலும் இராது என்பது அவர் கட்சி. தன் நிரலுக்கு அவர் வைத்த பெயர் ‘சின்’. செயின்டுக்கு, அதாவது புனிதருக்கு, எதிராகப் பாவம். முனைவர் பட்ட ஆய்வில் இந்தக் குறும்பு செல்லுபடியாகியிருக்கிறது! அந்தப் பெயரில் ஒரு கோப்பு மாக்சிமாவில் இன்னும் இருக்கிறது, தொகையிடல் வேலையோடு.

1968இல் மூன்று பேர் ஒன்று சேர்ந்தார்கள். மோசஸ் தொகையிடலோடு வந்தார். வில்லியம் மார்ட்டின் கோவைகளைத் திரையில் கணிதப் புத்தகத்தில் உள்ளபடி காட்டும் வேலையோடு வந்தார். மைட்டர் நிறுவனத்தில் ‘மாத்லாப்’ என்ற இயற்கணித நிரலை எழுதியிருந்த கார்ல் எங்கெல்மன் மூன்றாமவர். (இன்றைக்குப் பொறியியல் மாணவர்கள் பயன்படுத்தும் மாட்லாப் வேறு, அது இதற்குப் பிந்தியது.) எம்.ஐ.டி.யின் ‘புராஜெக்ட் மாக்’ கூடத்தில் வேலை நடந்ததால் அந்த மாக்கையும் சேர்த்து ‘மாக்சிமா’வுக்கு முந்தைய பெயரான ‘மாக்சைமா’ பிறந்தது. அடுத்த ஆண்டு நிரல் எழுதத் தொடங்கினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ராபர்ட் ரிஷ் என்ற கணிதவியலர், ஒரு சார்பின் தொகையை நமக்குத் தெரிந்த அடிப்படைச் சார்புகளைக் கொண்டே எழுத முடியுமா முடியாதா என்று தீர்ப்புச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அதுவும் உள்ளே வந்தது. தெரிந்த தந்திரங்கள் எல்லாம் தோற்ற பிறகு இந்த முறையிடம் கணக்கு போகும்.

நிரல் வளர்ந்த வேகத்துக்கு அதன் பசியும் வளர்ந்தது. எத்தனை இலக்கமானாலும் துல்லியமாக வைத்துக்கொள்ளும் முழுஎண்கள் அதற்கு வேண்டியிருந்தன. எண் கணக்கிலும் மந்தமாக இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும்படி எம்.ஐ.டி.யின் மாக்லிஸ்ப் மொழியையே மாற்ற வேண்டி வந்தது. லிஸ்ப் என்றால் மெதுவானது என்ற பேச்சு அன்றும் உண்டு. மாக்சைமா குழுவிலிருந்த ரிச்சர்ட் ஃபேட்மன், மாக்லிஸ்பில் கம்பைல் செய்த எண் கணக்குகள் ஃபோர்ட்ரானுக்கு இளைத்தவை அல்ல என்று 1973இல் எழுதிக் காட்டினார். பிற்பாடு மாக்சைமாவுக்கென்றே ஒரு தனி பி.டி.பி.-10ஐ வாங்கினார்கள், அதன் பெயர் ‘எம்.சி.’. அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் ஆய்வாளர்கள் அர்ப்பாநெட் வழியே அதில் நுழைந்து தங்கள் கணக்கைப் போட்டுக்கொண்டார்கள். நிரலைத் தங்கள் ஊருக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கவில்லை. 

அந்த இயந்திரத்திலும் ஒரு சுவர் இருந்தது. பி.டி.பி.-10இன் முகவரிக்கு 18 பிட். அதாவது 2,62,144 சொற்கள். இன்றைய கணக்கில் ஒரு மெகாபைட்டைச் சற்றே தாண்டும். அதில் லிஸ்பும் மாக்சைமாவும் உட்கார்ந்த பிறகு மிஞ்சும் இடத்தில்தான் கணக்கு நடக்க வேண்டும். இடைநிலையில் கோவைகள் ஊதிப் பெருக்கும் வேலை இது. கேள்வி ஒரு வரி, விடையும் ஒரு வரி, நடுவில் பத்துப் பக்கம் என்பது இங்கே சகஜம்.

1974இல் ஃபேட்மன் பெர்க்லிக்குப் பேராசிரியராகப் போனார். மாக்சைமாவை அங்கே ஓட்ட அவருக்கு விசாலமான முகவரி வெளி கொண்ட இயந்திரம் வேண்டும். டிஜிட்டல் நிறுவனம் வாக்ஸ்-11/780ஐ அறிவித்ததும், தேசிய அறிவியல் நிதியமைப்புக்கு விண்ணப்பம் எழுதி, சக பேராசிரியர்கள் பதின்மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு, 1978இல் ஒன்றை வரவழைத்தார். யூனிக்ஸ் பழகிய துறை அது. பெல் ஆய்வுக்கூடம் வாக்ஸுக்காக ஆக்கித் தந்த 32வி என்ற யூனிக்ஸை ஏற்றினார்கள். அங்கேதான் இடித்தது. மெய்நிகர் நினைவகத்துக்கு வாக்ஸின் வன்பொருளில் வசதி இருந்தது. 32வி அதைத் தொடவே இல்லை. இயந்திரத்தில் இருந்த ஒரு மெகாபைட் நினைவகத்துக்குள் நிரல் அடங்க வேண்டும் என்றது. பி.டி.பி.-10இல் இடித்த அதே சுவரில் மறுபடி முட்டிக்கொண்டது மாதிரி.

ஃபேட்மன் சும்மா இருக்கவில்லை. டொமெனிகோ ஃபெராரி என்ற சக பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். ஃபெராரியின் மாணவர் ஒசால்ப் பாபவொலு இதை எப்படிச் செய்வது என்று ஆராயத் தொடங்கினார். யூனிக்ஸின் உள்ளே கை வைக்க ஆள் வேண்டுமே என்று பில் ஜாயைச் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் சன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஜாய்தான். 1979 முடிவில் 3பி.எஸ்.டி. என்ற பெயரில் மெய்நிகர் நினைவகத்தோடு பெர்க்லி யூனிக்ஸ் வெளிவந்தது. அதைப் பார்த்துத்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பு பெர்க்லிக்குப் பணம் கொடுத்தது. 1983இன் 4.2 பதிப்பில் இணைய நெறிமுறைகள் யூனிக்ஸுக்குள் வந்தன. இயங்குதளங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் யூனிக்ஸின் கதையாக எழுதுகிறார்கள். தொகையிடும் நிரல் ஒன்றுக்கு நினைவகம் போதவில்லை என்ற முணுமுணுப்பில் தொடங்கியது அது என்பதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

யூனிக்ஸ் தயார், லிஸ்ப் எங்கே? மாக்லிஸ்ப் பி.டி.பி.-10இன் பிள்ளை, வாக்ஸில் ஓடாது. ஃபேட்மனின் மாணவர்கள் புதிதாக ஒன்றை எழுதி ‘ஃபிரான்ஸ் லிஸ்ப்’ என்றார்கள். ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசைமேதையின் பெயரை உருட்டியது. அதன் கம்பைலருக்கு ‘லிஸ்ட்’ என்றே பெயர். மோசஸின் பாவப் புனிதக் குறும்பு இந்தக் கூட்டத்தின் ரத்தத்தில் ஊறியது போலும். மாக்சைமா வாக்ஸில் ஓடியது.

இதுவரை தொழில்நுட்பத்தின் சங்கடங்கள். அடுத்து வந்தது உரிமைத் தகராறு. மாக்சைமாவை எழுத அரசுத் துறைகள் பல பணம் கொடுத்திருந்தன. எரிசக்தித் துறை அதில் முக்கியமானது. 1982இல் எம்.ஐ.டி. வணிக உரிமையை ஆர்தர் டி. லிட்டில் நிறுவனம் வழியே சிம்பாலிக்ஸ் நிறுவனத்திடம் சேர்த்தது. லிஸ்புக்கென்றே கணினி செய்து விற்ற நிறுவனம் அது. உலகின் முதல் டாட் காம் பெயரை 1985இல் பதிவுசெய்ததும் அதுதான். பொதுப் பணத்தில் எழுதியது பொதுவில் இருக்க வேண்டும் என்று ஃபேட்மன் முதலானோர் கேட்டார்கள். கடைசியில் ஒரு பிரதி அதே ஆண்டு எரிசக்தித் துறையின் கையிலும் கொடுக்கப்பட்டது. அந்தத் துறையின் மென்பொருள் மையம் அதைக் கட்டணத்தோடும் கட்டுப்பாடுகளோடும் விநியோகித்தது. ஒரே நிரல் இரண்டு வீட்டுக்குப் போனது. ஒரு வீட்டில் விற்பனைக்காரர்கள் இருந்தார்கள். இன்னொரு வீட்டிலிருந்து அது டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இருந்த ஒரு கணிதப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தது.

வில்லியம் ஷெல்ட்டர் வளையக் கோட்பாட்டில் பெயர் பெற்றவர். அவருக்கு வந்த நிரல் மாக்லிஸ்ப் பரம்பரையில் எழுதியது. 1984இல் ‘காமன் லிஸ்ப்’ என்ற பொதுவடிவம் வந்திருந்தது. எந்த இயந்திரத்திலும் ஓட வேண்டுமானால் நிரலை அந்த மொழிக்கு மாற்றியாக வேண்டும், மாற்றினார். மாற்றியதைக் கம்பைல் செய்யக் காமன் லிஸ்ப் ஒன்று வேண்டும். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தாயிச்சி யுவாசாவும் மசாமி ஹகியாவும் எழுதிய கே.சி.எல். கைக்குக் கிடைத்தது. அதன் தனிச்சிறப்பு, லிஸ்ப் நிரலை சி மொழியாக மாற்றிவிட்டு மீதியை சி கம்பைலரிடம் தள்ளிவிடும். சி கம்பைலர் எங்கே இருக்கிறதோ அங்கே லிஸ்பும் போகும் என்று ஆயிற்று. ஆனால் அதில் ஷெல்ட்டருக்குத் திருத்தம் செய்ய நிறைய இருந்தது. கே.சி.எல்.லின் உரிமத்தின்படி அதை அவர் பிறருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே தன் திருத்தங்களை மட்டும் தனியாக வெளியிட்டார். மூலத்தை உரியவரிடம் வாங்கி, இவர் திருத்தத்தை மேலே ஒட்டிக் கம்பைல் செய்துகொள்ள வேண்டும். அப்படிப் பிறந்தது ஏ.கே.சி.எல்., ஆஸ்டின் கியோட்டோ காமன் லிஸ்ப். உரிமச் சிக்கல் தீர்ந்ததும் 1994இல் அதுவே குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஜி.சி.எல். ஆனது.

சி கம்பைலர் இல்லாத இடத்தில் என்ன செய்வது? குனுவின் ஜி.சி.சி. கம்பைலரை இன்டெல் 386க்கு முதலில் கொண்டுவந்தவரும் ஷெல்ட்டர்தான். லினக்ஸின் முதல் கெர்னல் கம்பைல் ஆனது அந்த வழியாகத்தான். இயற்கணித நிரல், அதைக் கம்பைல் செய்யும் லிஸ்ப், அந்த லிஸ்பைக் கம்பைல் செய்யும் சி என மூன்று தட்டிலும் ஒரே கணிதப் பேராசிரியரின் கைரேகை. ஒரு மென்பொருளைப் பராமரிப்பது என்றால் அதன் குறைகளைத் திருத்துவது என்று நினைக்கிறோம். கீழே உள்ள தரையும் பெயராமல் பார்த்துக்கொள்வது என்று ஷெல்ட்டர் நினைத்திருக்கிறார்.

விற்பனைக்காரர்கள் இருந்த வீட்டில் என்ன நடந்தது? சிம்பாலிக்ஸுக்கு இயந்திரம் விற்பதுதான் முதல் தொழில். மாக்சைமா அங்கே மாற்றாந்தாய் பிள்ளை. கனடாவில் வாட்டர்லூவிலிருந்து மேப்பிள் வந்துவிட்டது. 1988இல் மேத்தமேட்டிகா வந்தது. அதை ஆக்கிய ஸ்டீபன் வொல்ஃப்ரம் மாணவப் பருவத்தில் மாக்சைமாவைப் பயன்படுத்தியவர். 1992இல் மாக்சைமா என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் அந்த நிரலை வாங்கிச் சில நல்ல பதிப்புகளைக் கொண்டுவந்தது. 1999இல் அதுவும் கைமாறியது. அதோடு விற்பனை அடங்கிவிட்டது. அதன் மூல நிரல் வெளியே வரவில்லை. விண்டோஸ் பதிப்பை வாங்கியவர்களிடம் கம்பைல் செய்து முடித்த கோப்பு மட்டும் இருந்தது. அதைத் திருத்தவோ இன்னோர் இயந்திரத்துக்கு நகர்த்தவோ அவர்களால் ஆகாது.

ஷெல்ட்டர் தன் பிரதியைப் பதினாறு ஆண்டுகள் பார்த்துக்கொண்ட பிறகு, 1998இல் எரிசக்தித் துறையிடம் அனுமதி கேட்டு வாங்கி, மாக்சிமா என்ற பெயரில் குனு பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார். 2000இல் அதைப் பலரும் பங்கேற்கும் திட்டமாக்கினார். 2001 ஜூலையில் ரஷ்யாவுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். மூன்று நான்கு ஆண்டு முன்னால் நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. உரிமம் முந்திக்கொண்டது. தன்னார்வலர்கள் சேர்ந்து 2003இல் 5.9 பதிப்பை வெளியிட்டார்கள். இன்றுவரை பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

அவர்கள் செய்தவற்றில் முக்கியமானது, நிரலை ஒரே லிஸ்பை நம்பி விடாமல் பல லிஸ்பிலும் கம்பைல் ஆகும்படி செய்தது. இன்று மூலத்தைப் பிரித்து ‘கன்ஃபிகர்’ கொடுத்தால், உங்கள் கணினியில் ஜி.சி.எல்., எஸ்.பி.சி.எல்., கிளிஸ்ப், ஈ.சி.எல். இவற்றில் எது இருக்கிறது என்று பார்க்கும். முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்பார்கள்: லிஸ்ப் எதுவுமே இருக்காது. சரி, எஸ்.பி.சி.எல்.லையும் மூலத்திலிருந்தே கம்பைல் செய்வோம் என்று கிளம்பினால், அதன் பெரும்பகுதி லிஸ்பிலேயே எழுதப்பட்டிருப்பதால் அதைக் கம்பைல் செய்ய இன்னொரு லிஸ்ப் கேட்கும். தயிருக்கு உறைமோர் கேட்கிற கதை. முதல் உறைமோரைப் பக்கத்து வீட்டில்தான் வாங்க வேண்டும்.

‘மேக்’ கொடுத்ததும் கோப்புகள் ஒவ்வொன்றாக ஓடும். எச்சரிக்கைகள் கொட்டும். மாக்லிஸ்ப் காலத்து நிரலர்கள் ஒரு மாறியை ஒரு கோப்பில் அறிவித்துவிட்டு எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்தாளுவார்கள். இன்றைய கம்பைலருக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது, புலம்பும். புலம்பலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கோப்பின் தலைப்பில் எம்.ஐ.டி.யின் 1980களின் பதிப்புரிமை வரியும் அதன் பக்கத்தில் ஷெல்ட்டரின் வரியும் அப்படியே இருக்கும். எல்லாம் முடிந்ததும் எஸ்.பி.சி.எல். போன்ற லிஸ்ப், ஏற்றிய நிரல் அத்தனையும் நினைவகத்தில் இருக்கும் கோலத்திலேயே ஒரு பெரிய கோப்பாக வட்டில் எழுதி வைக்கும். அடுத்த முறை மாக்சிமாவைத் திறந்தால் அந்த உறைந்த நினைவகம் அப்படியே எழுந்து உட்காரும். இன்றைய கணினியில் எல்லாம் சில நிமிட வேலை.

பிறகு ‘மேக் செக்’. இதை விட்டுவிட்டு நேரே நிறுவுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, முன்பே எழுதி வைத்த விடையோடு ஒப்பிடும். தவறும் என்று முன்பே தெரிந்த கணக்குகளும் பட்டியலில் குறித்திருக்கும். அவை தவறினால் பதற்றமில்லை. எதிர்பாராத பிழை எதுவும் இல்லை என்ற வரி வர வேண்டும். இயற்கணித மென்பொருளுக்கு இது சம்பிரதாயம் இல்லை. எண் தப்பாக வந்தால் கண் உறுத்தும். இரண்டு பக்கக் கோவையில் ஒரு கழித்தல் குறி தப்பினால் யார் பார்ப்பார்கள்? ஒரு லிஸ்பில் சரியாக வரும் விடை இன்னொன்றில் மிதவைப் புள்ளி எண்ணின் கடைசி இலக்கத்தில் பிசகலாம். அதைக் கண்டுபிடிக்கும் இடம் இதுதான்.

2005இல் வில்லியம் ஸ்டைன் என்ற கணிதவியலர் சேஜ் என்ற மென்பொருளைத் தொடங்கினார். மூலத்தைப் பார்க்க முடியாத கணித மென்பொருளை எப்படி நம்பி நிரூபணம் எழுதுவது என்பது அவருடைய குறை. பாரி, காப், சிங்குலர் என்று ஏற்கெனவே இருந்த திறந்த மென்பொருள்களைப் பைத்தான் மொழியால் சேர்த்துக் கட்டினார். நுண்கணித வேலைக்கு உள்ளே போனது மாக்சிமா, ஈ.சி.எல். லிஸ்பின் மேல் ஏறி. சேஜை முழுதாக மூலத்திலிருந்து கம்பைல் செய்யப் பல மணி நேரம் பிடிக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்து வைத்தால் காலையில் பார்க்கலாம்.

சேர்த்துக் கட்டியதில் ஒரு பழைய குணம் மட்டும் மசியவில்லை. மாக்சைமா, மனிதர் ஒருவர் முனையத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நம்பிய காலத்தில் பிறந்தது. ஐயம் வந்தால் கேட்கும். எக்ஸின் என்-ஆவது அடுக்கைத் தொகையிடச் சொன்னால் மாக்சிமா விடை சொல்லாது. ‘என் என்பது கழித்தல் ஒன்றா?’ என்று திருப்பிக் கேட்டுக் காத்திருக்கும். ஆமாம் என்றால் மடக்கை வரும், இல்லை என்றால் வழக்கமான சூத்திரம் வரும். நம் மாணவர்களில் பாதிப் பேர் கேட்க மறக்கும் கேள்வி. சேஜுக்குள்ளிருந்து மாக்சிமா அதையே கேட்டபோது பதில் சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை. அதனால் அது பிழைச் செய்தியாக மாறியது: மாக்சிமா கூடுதல் நிபந்தனை கேட்கிறது, முதலில் ‘அஸ்யூம்’ கட்டளையால் அதைச் சொல்லிவிட்டுக் கணக்கைக் கொடுங்கள் என்று. கீழே மாக்சிமாவின் கேள்வியும் அப்படியே அச்சாகியிருக்கும்.